படத்துக்கு ஒரு சாண் கீழே

இருட்டறை நாட்கள் – 14

ஈரம் சொட்டிக்கொண்டிருந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். ஐந்து முதுகெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரிசையாக நின்றன. நடுவே இடைவெளி ஒரே அளவு. கீறல் இல்லை, தேய்மானம் இல்லை, சரிவு இல்லை. அதுவரை நான் எடுத்த முதுகுப் படங்களில் இவ்வளவு சுத்தமான படம் நாலைந்துதான் இருக்கும்.

அது என் அண்ணியின் முதுகு.

கையில் ஃபிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் நாற்றம் போவதற்குள் வராந்தாவுக்கு ஓடினேன். அண்ணி மர பெஞ்சியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் பெஞ்சியில் படாமல் பாரம் முழுவதையும் இடது பக்கம் போட்டு, ஒரு கையை ஊன்றிக்கொண்டு. அதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"ஒண்ணும் இல்ல அண்ணி. எலும்பு எல்லாம் முத்து மாதிரி கீது."

"ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இன்னாத்துக்கு தம்பி வலிக்குது?" என்றாள்.

"வேலை ஜாஸ்தி. ரெண்டு நாள் படுத்து எந்திரி. சரியாப் பூடும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடப் போய்விட்டேன்.

இந்தத் தொடரில் இடையில் சேர்ந்துகொண்டவர்களுக்காக இரண்டு வரி. நான் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் குப்பத்தில் பிறந்தவன். வலையைத் தொடாமல் தப்பித்துப் படித்து, பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அண்ணன் தேசப்பன் வலையோடு ஊரில் இருந்தான். அவன் மனைவிதான் போலம்மா அண்ணி. எளாவூர் தாண்டி, ஏரியின் வடகரையில் தெலுங்கு பேசும் குப்பத்திலிருந்து வந்தவள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கடைசிச் செய்தியை இந்தக் கதைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கம்மா வலிக்குது?

படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வெளிநோயாளிகள் பிரிவில் நடந்தது இது.

டாக்டரின் மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். கட்டுப் போட்டவர், கட்டுப் பிரிக்க வந்தவர், அழுகிற குழந்தை. நான் ஆஸ்பத்திரி ஆள் என்பதால் அண்ணியை வரிசைக்கு முன்னால் நுழைத்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை. என் வெள்ளைக் கோட்டை அண்ணி முதல்முறையாகப் பார்க்கிறாள் அல்லவா?

"எங்கம்மா வலிக்குது?" என்றார் டாக்டர். தலை நிமிரவில்லை.

"இடுப்பு," என்றாள் அண்ணி. புடவைக்கு மேலே கையை வைத்தாள். பின்கொசுவம் வைத்துக் கட்டிய கட்டில், அந்தக் கை எங்கே பட்டது என்று யாருக்குத் தெரியும்? ஆண்கள் நிறைந்த அறையில் அவள் எப்படித் துணியை விலக்கிக் காட்டுவாள்?

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தயாராக இருந்தேன். "லோ பேக், சார்," என்றேன். கீழ் முதுகு. பளிச்சென்று இங்கிலீஷில். யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நானாக முந்திரிக்கொட்டை மாதிரி நீட்டினேன்.

அவர் சீட்டில் முதுகுப் படத்துக்கு எழுதினார். நானே அண்ணியை மேசையில் படுக்க வைத்தேன். ஒளி சிதறாமல் இருக்க, முதுகுத்தண்டு மட்டும் விழுகிற மாதிரி எக்ஸ்ரே குழாயின் வாயிலிருந்த தகட்டை நெருக்கி மூடினேன். தேவையில்லாத இடத்தைப் படத்தில் சேர்க்காதவன்தான் நல்ல டெக்னீஷியன் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று நான் ரொம்ப நல்ல டெக்னீஷியனாக இருந்தேன்.

நாலு ஊருக்கு ஒரு பேர்

உடம்புக்குப் பேர் வைக்கும்போது நம் பேச்சுத் தமிழ் கொஞ்சம் தாராளம். தோளிலிருந்து விரல் நுனிவரை கை. தொடையிலிருந்து குதிகால்வரை கால். "கால் உடைஞ்சிடுச்சி சார்" என்று வருகிறவரிடம் "எந்த இடம்?" என்று கேட்டால், "அதான் கால்னு சொல்றேனே" என்று முறைப்பார்.

இடுப்பு இன்னும் மோசம். அரைஞாண் கட்டுவது இடுப்பில். குழந்தையைத் தூக்கி வைப்பது இடுப்பில். குடம் நிற்பதும் இடுப்பில்தான். மூட்டை தூக்கும்போது முதுகின் அடியில் பிடித்துக்கொண்டால் இடுப்புப் பிடிப்பு. பிரசவ வலிக்கும் பேர் இடுப்பு வலி. நாலு ஊருக்கு ஒரே பேர் வைத்துவிட்டு, தபால்காரரைக் குறை சொல்வது போலத்தான் இது.

எலும்புக்கூட்டில் பார்த்தால் அங்கே இரண்டு வேறு வேறு இடங்கள் இருக்கின்றன. முதுகுத்தண்டின் கடைசி ஐந்து கணுக்கள் ஒன்று. அதற்கு ஒரு சாண் கீழே, பக்கவாட்டில், தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் கூட்டின் கிண்ணத்துக்குள் போய் உட்காரும் மூட்டு இன்னொன்று. முட்டியைத் தொட்டுக் காட்டலாம், முழங்கையைத் தொட்டுக் காட்டலாம். இதைத் தொட முடியாது. சதைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைவிடக் கூடுதலான பாரம் இதன் தலையில் இறங்குகிறது. தலையில் மீன் கூடை இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. இந்த மூட்டுக்கு வரும் நரம்பின் கிளை ஒன்று முட்டிக்கும் போகிறது. அதனால் மேலே மூட்டு கெட்டால் சில பேருக்கு முட்டிதான் வலிக்கும். நோயாளி முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுவார். முட்டியில் ஒன்றும் இருக்காது.

என் நைனா உயிரோடு இருந்தபோது மீன் அரிந்துகொண்டே சொல்வார்: "மீனுக்கு முட்டி கெடையாதுடா. அதான் அது யாருக்கும் மண்டி போடறதில்ல." நாங்கள் முள் என்று ஒரே சொல்லில் எல்லா மீனின் எலும்பையும் முடித்துவிடுகிற சாதி. மனுஷன் எலும்பைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சு இருந்ததில்லை.

வீட்டுக்குப் போன சாட்சி

படத்தை அண்ணி கையிலேயே கொடுத்தனுப்பினேன். அதுதான் நான் செய்த அடுத்த வேலை.

அம்மா அதை வாங்கி, கூரைச் செருகலில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்து வெயிலில் காட்டினாள். "பாரு, நல்லா பாரு. என் புள்ளை எடுத்த படம். எலும்புல ஒரு நோவும் இல்லன்னு படமே சொல்லிடுச்சி. இவ இன்னாடான்னா கூடையைத் தூக்க மாட்டேன்றா."

அண்ணி மறுபடியும் கூடையைத் தூக்கினாள். படகில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் ஏறி, இறங்கி நடந்து, காட்டூர்ப் பக்கம் வீடு வீடாக மடவையும் எறாவும் விற்றாள். சில நாள் வழியில் உட்கார்ந்துவிட்டாள். சில நாள் கெட்டுப்போன மீனோடு திரும்பினாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு முட்டி வலிக்கிறது என்றாள். அண்ணன் சிரித்தான். "நேத்து இடுப்புன்ன, இன்னைக்கு முட்டின்ற. நாளைக்கு இன்னா, மூக்கா?"

அம்மா சிரிக்கவில்லை. அவள் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "புள்ளை பெக்காதவளுக்கு இன்னாடி இடுப்பு வலி?"

நான் ஊருக்குப் போனபோதெல்லாம் இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. ஒருமுறை அம்மா நேராகவே என்னிடம் கேட்டாள். "டேய் ஏகா, நீ படிச்சவன். சொல்லு. இவ நடிக்கிறாளா இல்லியா?"

"தெரியலம்மா. படத்துல ஒண்ணும் இல்ல," என்றேன்.

இதைவிட வசதியான பதில் எனக்கு வாய்க்கவில்லை. உள்ளே அடுப்பருகில் அண்ணி இருந்தாள். சட்டி நகர்கிற சத்தம் நின்று, கொஞ்சம் கழித்துத் தொடர்ந்தது.

அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் அண்ணியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு ஆரம்பித்தது. அனுப்புவது என்றால் திரும்பி அழைக்கப்போவதில்லை என்று அர்த்தம். அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலை செய்யாமல் நடிக்கிறவள் என்ற பேரோடு அவள் வடகரைக்குப் போக வேண்டும்.

ஒல்லாந்தர் வாசல்

பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இங்கே கோட்டை கட்டி, துணியையும் மனுஷர்களையும் கப்பலேற்றி வியாபாரம் செய்த காலத்தில், செத்துப்போன தங்கள் ஆட்களைப் புதைத்த இடம். பெரிய பெரிய கல் பலகைகள். அவற்றில் எழுத்தும் கேடயமும் கொத்தியிருக்கும். தாய் பக்கத்தில் பிள்ளை, பிள்ளை பக்கத்தில் இன்னொரு பிள்ளை. கடல் தாண்டி வந்து, நம் ஊர்க் காய்ச்சலில் செத்தவர்கள்.

நுழைவாயிலின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. ஒன்று தலையில் மணற்கடிகாரம் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கும். உள்ளே வருகிறவனே, உனக்கும் நேரம் ஓடுகிறது என்று சொல்வதற்காக வைத்ததாம். எங்கள் குப்பத்தில் அதற்குப் பேர் எலும்பு கேட்டு. ஒல்லாந்தர் சொல்ல வந்த தத்துவம் எங்களுக்கு எட்டவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினால் கொஞ்சம் நிழல் கிடைக்கும் இடம், அவ்வளவுதான்.

யார் கொத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊர்க் கல்தச்சனாக இருக்கலாம் என்பது என் ஊகம். துரை ஒரு தாளில் வரைந்து கொடுத்திருப்பான். மிச்சத்தைத் தச்சன் தன் எதிரே கூலிக்கு நின்ற ஆட்களைப் பார்த்து முடித்திருப்பான். அந்தக் காலத்தில் கூலிக்காரனுக்கும் எலும்புக்கூட்டுக்கும் அதிக வித்தியாசம் இருந்திருக்காது. இங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேறிப் போனவர்களுக்கு எந்த ஊரிலும் கல் கிடையாது.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்த எலும்புக்கூட்டின் முன் நின்று விலா எலும்புகளை எண்ணியிருக்கிறேன். உப்புக் காற்று தின்றது போக மீதியை எண்ணினால் கணக்கு ஒத்துவராது. தப்புக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு படகேறிப் போவேன். எனக்கு அப்போது அடுத்தவர் தப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

கல்லைத் தொட்ட கை

திருவிழாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்தேன். முதல் படம் எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உச்சி வெயில். பஸ்ஸை விட்டிறங்கிப் படகுத்துறைக்கு நடக்கும் வழியில், எலும்பு கேட்டின் நிழலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிக் கூடை. அதன்மேல் சும்மாட்டுத் துணி.

"இன்னா அண்ணி, இங்க குந்தினு கீற?"

"கால் வரல தம்பி. கொஞ்ச நேரம் குந்திட்டு, அப்பால தொறைக்குப் போலாம்னு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருவிழா முடிந்ததும் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பேச எனக்குத் தைரியமில்லை. அவள்தான் கல் எலும்புக்கூட்டைக் காட்டி வேறு பேச்சை எடுத்தாள்.

"இவ தலையில இன்னா தம்பி தூக்கினு கீறா? தெனம் பாக்கறேன். கூடை மாதிரியும் இல்ல."

"அது மணல் கடிகாரம் அண்ணி. அப்புறம், அது அவ இல்ல, அவன்."

"எலும்புல ஆம்பளை பொம்பளைன்னு எழுதியா கீது?"

"எழுதித்தான் கீது," என்று எழுந்தேன். கல்லின் இடுப்புக் கூட்டின்மேல் விரலை ஓட்டினேன். பொம்பளைக்கு இந்தக் கூடு அகலமாக இருக்கும், பிள்ளை இறங்கி வர வழி வேண்டுமே, என்று ஆரம்பித்தேன். சொல்லிய பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. பேச்சை மாற்றி, முதுகுத்தண்டு இது, விலா இது, தொடை எலும்பு இது என்று வேகவேகமாக மேலும் கீழும் காட்டினேன்.

அண்ணி கூடையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். கிட்டே வந்தாள். தொடை எலும்பு கூட்டோடு சேருகிற இடத்தில், கல்லின்மேல், உள்ளங்கையை வைத்தாள்.

"இங்கதான் தம்பி."

"இன்னா இங்க?"

"எனக்கு நோவுற எடம். இந்தக் குண்டு போயி உள்ள குந்துது பாரு, அங்க. அதுக்குள்ள."

நான் கல்லைப் பார்த்தேன். அவள் கையைப் பார்த்தேன். "இடுப்புன்னு சொன்னியே அண்ணி?"

"இதுவும் இடுப்புதானே? நீங்க எல்லாத்துக்கும் இடுப்புதானே சொல்றீங்க?"

"இல்ல, இது வந்து..." என்று இழுத்தேன். இங்கிலீஷில் அந்த மூட்டுக்கு எனக்குப் பேர் தெரியும். பாடப்புத்தகத் தமிழில் பந்துக்கிண்ண மூட்டு என்பார்கள். பந்துக்கிண்ண மூட்டு வலிக்கிறது என்று உலகத்தில் எந்த நோயாளி சொல்லியிருக்கிறார்? வீட்டில் பேசும் தமிழில் அவளிடம் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை.

அவளிடம் இருந்தது. "எங்க ஊர்ல இதுக்கு துண்ட்டின்னுவோம். நடுமு வேற, துண்ட்டி வேற. நடுமுன்னா முதுகுக்குக் கீழ. துண்ட்டின்னா இது."

"அப்போ ஏன் அதைச் சொல்லல?"

"கண்ணாலம் ஆன புதுசுல ஒரு தபா படகுல வழுக்கி வுழுந்தேன். துண்ட்டி வலிக்குதுன்னு அத்தைகிட்ட சொன்னேன். அத்தை துண்டு எடுத்தாந்து குடுத்துச்சி. அக்கம்பக்கத்துல எல்லாரும் சிரிச்சாங்க. துண்ட்டி, துண்ட்டின்னே கூப்பிட்டாங்க ரொம்ப நாளு. உங்க அண்ணன்தான் அப்பால சொல்லிக்குடுத்தாரு, இங்கெல்லாம் இத்த இடுப்புன்னு சொல்லணும்னு."

சொல்லிவிட்டு அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"நேரா நில்லு அண்ணி," என்றேன். நின்றாள். வலது குதிகால் தரையில் படவில்லை. இரண்டு விரல் உயரத்தில் நின்றது. உட்காரச் சொல்லி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். இடது கால் திரும்பியது. வலது கால் திரும்பவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தாள். தொடை தனியாக இல்லாமல் உடம்பே சேர்ந்து திரும்பியது.

அந்த மேசையில் நான் தகட்டை நெருக்கி மூடியது நினைவுக்கு வந்தது. அவள் சொன்ன இடம் என் படத்துக்கு ஒரு சாண் கீழே இருந்திருக்கிறது. எட்டு மாதமாக, தினமும், கூடைக்கு அடியில்.

இரண்டாவது படம்

அன்று மாலையே வீட்டில் சொன்னேன், இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று.

அம்மா கூரைச் செருகலைக் காட்டினாள். "ஏன், அந்தப் படம் இன்னா ஆச்சி? படம் பொய் சொல்லுமாடா?"

"பொய் சொல்லாதும்மா. இது வேற. இப்போ புதுசா வந்த நோவு."

புதுசா வந்த நோவு. இந்த மூன்று சொல்லைத் தயவுசெய்து கவனித்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்கு நிற்காமல் மறுநாளே அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனேன். அண்ணனும் வந்தான். இந்தமுறை பெரிய ஃபிலிமைப் போட்டேன். தகட்டை முழுக்கத் திறந்துவிட்டேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே ஃபிலிம் தொட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோதே தெரிந்துவிட்டது. இடது மூட்டு ஒழுங்காக உருண்டு நின்றது. வலது பக்கத்தில் உருண்டையின் மேல்பாதி அரிக்கப்பட்டுக் கிடந்தது. கிண்ணத்துக்கும் தலைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி காணோம்.

காசநோய். நுரையீரலுக்கு வருகிற அதே டி.பி. எலும்பிலும் வரும். சீக்கிரம் தெரிந்தால் ஊசியும் மாத்திரையும் ஓய்வும் கொடுத்து மூட்டைக் காப்பாற்றலாம். ஓய்வு என்று சொல்லும்போது, கூடை தூக்காமல் இருப்பது என்று படிக்கவும்.

நோய் குணமானது. மூட்டு போய்விட்டது. விலாவிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். எலும்பும் எலும்பும் ஒட்டிப்போய், மடங்காத காலோடு எழுந்தாள். அந்தக் கால் இரண்டு அங்குலம் குட்டை. அதற்குப் பிறகு அவளால் தரையில் சம்மணம் போட முடியவில்லை. படகில் ஏறும்போது யாராவது தூக்கிவிட வேண்டும். அம்மா வீட்டுக்கு அனுப்பும் பேச்சு மட்டும் நின்றது. மாவுக்கட்டில் கிடந்தவளுக்கு அண்ணனே சோறு ஊட்டினான். அதையும் சொல்ல வேண்டும்.

எழுதாமல் வைத்திருந்தது

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இனிமேல் சொல்வது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர், இரண்டாவது படத்தைப் பார்த்த டாக்டர். அவர் அன்றே மறந்திருப்பார்.

இரண்டாவது படத்தை எடுத்துக்கொண்டு அண்ணியைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். அண்ணன் வெளியே நின்றான். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி போட்ட பழைய சீட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை நான் எடுத்து வரவில்லை. மறந்துபோனேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்தேன். மறக்கவில்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அண்ணியிடம் கோபமாகத் திரும்பினார்.

"எத்தனை மாசமா வலிக்குது?"

"ஒரு வருசம் இருக்கும் சார்."

"ஒரு வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? முன்னாடியே வந்திருந்தா இந்த மூட்டைக் காப்பாத்தியிருக்கலாமே. யாருகிட்டயாவது சொல்லக் கூடாதா?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். "எனக்கு தமிழு அவ்ளோ நல்லா வராது சார்," என்றாள். "எங்க வலிக்குதுன்னு சரியா சொல்லத் தெரியல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க சொந்தக்காரங்களா?"

"எங்க அண்ணி சார்."

"நீங்க இங்கேயே வேலை பாக்கறீங்க. உங்களுக்குமா தெரியல?"

என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. வெளிநோயாளிகள் பிரிவில் 'லோ பேக்' தயாராக இருந்த மாதிரியே.

"வீட்ல சொல்லவே இல்ல சார் இவங்க," என்றேன்.

அண்ணி அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. பிறகு டாக்டரிடம் திரும்பி, "ஆமா சார்," என்றாள்.

அந்த 'ஆமா சார்' என் வேலையைக் காப்பாற்றியது. வீட்டில் என் பேரையும் காப்பாற்றியது. புதுசா வந்த நோவு என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். நம்பினால் என்ன அர்த்தம்? அதற்கு முன்னால் எட்டு மாதம் அவளுக்கு ஒன்றும் இல்லை, நடித்தாள் என்று அர்த்தம். அம்மா சாகும்வரை அதைத்தான் சொன்னாள். "மொதல்ல சும்மா நடிச்சா. சாமி பாத்துச்சி, நெசமாவே குடுத்துருச்சி." தெருவில் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அண்ணி அந்தப் பேச்சு நடக்கும்போது காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். பத்து, பதினைந்து வருடம் கையில் இருந்தது. சொல்லவில்லை. பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள், அதே நம்பிக்கையோடு.

அண்ணி இப்போதும் குப்பத்தில்தான் இருக்கிறாள். அண்ணன் இல்லை. பாலம் வந்த பிறகு படகேறும் தொல்லை இல்லை. இந்தத் தொடரைப் பக்கத்து வீட்டில் யாராவது வாராவாரம் படித்துக்காட்டுகிறார்களாம். "தம்பி இன்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டு உட்கார்ந்துகொள்வாளாம். முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்துபோவாளாம்.

இந்த வாரம் படித்துக்காட்டுகிறவரிடம் ஒரு வேண்டுகோள். கடைசி மூன்று வரியை அவளுக்கு மட்டுமாகப் படிக்காதீர்கள். தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள்.

அண்ணி, நீ நடிக்கல.

நீ மொத நாளே வந்து சொன்ன. எங்கிட்டதான் சொன்ன.

சொல்லலன்னு நான் சொன்னது பொய்.